ஹெப்சி பெயர் கேட்ட கதை

பம்மல் மெயின் ரோட்டில் ஒரு மாவு மில்லுக்கு மேல்மாடியில் இருக்கிறது டாக்டர் தினகரனின் லேப். அங்கே ஊசி உள்ளே போவதற்கு ஒரு நேரம் உண்டு. அதைக் கடிகாரம் சொல்லாது, விமானம் சொல்லும். மீனம்பாக்கத்தில் இறங்கப்போகிற விமானம் தலைக்கு மேல் உறுமிக்கொண்டு வரும்போது, என்னவோ இன்றைக்குத்தான் முதல்முறையாக வருகிற மாதிரி எல்லாரும் ஒரு கணம் அண்ணாந்து பார்ப்பார்கள். பிறந்ததிலிருந்து இந்தச் சத்தத்துக்குள்ளேயே வளர்ந்தவர்களும் பார்ப்பார்கள். அவர்கள் பார்வை கீழே இறங்குவதற்குள் ஹெப்சி ரத்தம் எடுக்க ஆரம்பித்திருப்பாள்.

"குத்திட்டியா?" என்று கேட்பார்கள்.

"எடுத்தே முடிச்சிட்டேன். பஞ்ச அழுத்திப் புடிங்க."

ஹெப்சிக்கு நாற்பதைத் தாண்டிவிட்டது. பொழிச்சலூர்க்காரி. நர்ஸ் படிப்புக்குத்தான் ஆசைப்பட்டாள். இடம் கிடைக்கவில்லை. தாம்பரத்தில் ஒரு இன்ஸ்டிட்யூட்டில் லேப் டெக்னீஷியன் டிப்ளமோவில் சேர்த்துவிட்ட அவள் அப்பா சவுரிமுத்து, "ரெண்டும் டெட்டால் வாசனதானம்மா" என்று சமாதானம் சொன்னார். படித்து முடித்து இந்த லேபுக்கு வந்தவளை முதலில் மெஷின் பக்கம்தான் உட்கார வைத்தார்கள். மெஷின் அவளுக்குப் பிடிக்கவில்லை. அது பேசாது, பேசினாலும் பதில் சொல்லாது. ரத்தம் எடுக்கிற நாற்காலிக்கு வந்த பிறகுதான், தன் வேலை இதுதான் என்று அவளுக்குத் தெரிந்தது.

அதிலிருந்து அவள் கண்ணுக்கு மனிதர்களின் முகம் பிறகுதான் தெரியும், முதலில் தெரிவது கைதான். பல்லாவரம் பஸ்ஸில் கம்பியைப் பிடித்துத் தொங்குகிறவர்களைப் பார்த்தால், 'இவருக்குக் கண்ணை மூடிக்கொண்டு எடுக்கலாம், இந்தம்மாவுக்குக் குழந்தை ஊசி வேண்டும்' என்று மனசுக்குள் பிரித்துக்கொண்டே வருவாள். சர்ச்சில் எல்லாரும் கைகளை உயர்த்தி ஜெபிக்கும்போது கண்ணைத் திறந்து வைத்திருக்கிற ஒரே ஆள் அவள்தான். பெண் பார்க்க வந்த ஜெபகுமாரிடமும் அவள் முதலில் கவனித்தது, முழங்கை மடிப்பில் கயிறு மாதிரி ஓடிய நரம்பை. "நல்ல நரம்பு" என்று அக்காவின் காதில் சொன்னாள். அதையே சம்மதம் என்று எடுத்துக்கொண்டு நிச்சயம் செய்துவிட்டார்கள். ஜெபகுமார் விமான நிலையத்தில் சரக்கு ஏற்றி இறக்கும் பிரிவில் சூப்பர்வைசராக இருக்கிறார். அந்த நரம்பு இன்றைக்கும் அப்படியே இருக்கிறது.

கை இப்படி என்றால், ஆளைத் தெரிந்து வைத்திருப்பதில் அவள் அதைவிடக் கெட்டிக்காரி. ரத்தம் எடுக்கிற அறைக்குத் தெருவைப் பார்த்த ஜன்னல் ஒன்று உண்டு. கீழே வண்டி வந்து நிற்கிற சத்தத்தை வைத்தே யார் என்று சொல்லிவிடுவாள். அவர்கள் மாடிப்படி ஏறுவதற்குள் ட்யூபில் பெயர் எழுதி ஸ்டாண்டில் குத்தி வைத்துவிடுவாள். கவுன்ட்டரில் இருக்கிற காந்திமதிக்குக் குரல் மட்டும் போகும்: "காந்தி, துரைராஜ் ஸ்டோர்ஸ் அண்ணா வராரு. சுகர், மூணு மாச சுகர். பில்லப் போடு." வந்தவர் வாயைத் திறப்பதற்குள் பில் போட்டு, கையில் ரப்பர் பட்டை கட்டி, ரத்தம் எடுத்து, மருமகள் பிரசவத்துக்கு வந்தாளா என்று விசாரித்தும் ஆகியிருக்கும். காலையில் வெறும் வயிற்றோடு வருகிறவர்களுக்கு இதைவிட என்ன வேண்டும்? ஹெப்சியிடம் போனால் வலிக்காது, நிற்கவும் வேண்டாம் என்று அனகாபுத்தூர் வரைக்கும் பேர் இருந்தது.

அந்தப் பேருக்குத்தான் ஒருநாள் ஆபத்து வந்தது.

டாக்டர் தினகரன் தன் லேபுக்குத் தரச் சான்று வாங்க ஆசைப்பட்டார். அதற்குப் பணியாளர்கள் செய்கிற ஒவ்வொரு வேலைக்கும் எழுதி வைத்த செய்முறை வேண்டும் என்றார்கள். கோயம்புத்தூரிலிருந்து ஒரு கன்சல்டன்ட் வந்து, தடித்தடியாக ஃபைல்களைக் கொடுத்துவிட்டுப் போனார். எல்லாம் ஆங்கிலம். அதில் பாதி, இந்த லேபில் இல்லாத ஒரு மெஷினைப் பற்றியது. 'படித்தேன், புரிந்துகொண்டேன்' என்ற இடத்தில் எல்லாரும் கையெழுத்துப் போட்டார்கள். ஃபைல்களை டாக்டர் அறை பீரோவில் வைத்துப் பூட்டினார்கள், தூசு படியக் கூடாது என்று.

ஆய்வுக்கு இரண்டு பேர் வந்தார்கள். அவர்களில் கண்ணாடி போட்டவர் பீரோவைத் திறக்கச் சொல்லி, ரத்தம் எடுக்கிற செய்முறையை எடுத்துக்கொண்டு நேராக ஹெப்சியிடம் வந்தார்.

"இது நீங்க போட்ட கையெழுத்துதானே?"

"ஆமா சார்."

"இதுல என்ன எழுதியிருக்கு?"

ஹெப்சி ஒரு கணம் யோசித்தாள். "நல்லா எழுதியிருக்காங்க சார்."

கூட வந்தவர் இருமுவது போல் வாயை மூடிக்கொண்டார். கண்ணாடிக்காரர் விடவில்லை. "உங்களுக்கு இந்த வேலையில தகுதி இருக்குன்னு யாரு பக்கத்துல நின்னு பாத்து உறுதி பண்ணாங்க?"

"எல்லாரும்தான் சார் பாக்கறாங்க," என்றாள் ஹெப்சி. வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்களும் தலையை ஆட்டினார்கள்.

அவர்கள் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனதன் சாரம் இதுதான்: செய்முறை என்று எழுதி வைத்திருப்பது ஒன்று, இங்கே நடப்பது வேறு ஒன்று. யாருக்கு என்ன வேலை தெரியும் என்பதை நேரில் பார்த்து யாரும் சோதிக்கவில்லை. இரண்டையும் சரிசெய்தால்தான் சான்று.

இந்த இரண்டையும் சரிசெய்வதற்காக வந்து சேர்ந்தவள்தான் சத்யபிரியா. சேலையூரிலிருந்து ஸ்கூட்டரில் வருகிற, எம்.எஸ்சி. படித்த, முப்பது வயது ஆகாத பெண். அதிகம் பேச மாட்டாள். யாராவது ஜோக் அடித்தால் தாமதமாகச் சிரிப்பாள், அதற்குள் மற்றவர்கள் வேறு பேச்சுக்குப் போயிருப்பார்கள். முதல் வேலையாக அந்தக் கோயம்புத்தூர் ஃபைல்களைக் கட்டி மேலே போட்டாள். அறை அறையாகப் போய் உட்கார்ந்து, யார் என்ன செய்கிறார்கள், என்ன செய்ய வேண்டும் என்று பார்த்துப் பார்த்து, தமிழில் சின்னச் சின்ன வாக்கியங்களாகப் புதிய செய்முறை எழுதினாள். ரத்தம் எடுக்கிற அறைச் சுவரில் ஒட்டியதன் முதல் வரி இது: 'பெயரை அவரையே சொல்லச் சொல்ல வேண்டும். நாமே பெயரைச் சொல்லி, நீங்கள்தானே என்று கேட்கக் கூடாது.' கீழே இன்னொன்று: 'ரத்தம் எடுத்த பிறகு, அவர் கண் முன்னால் ட்யூபில் பெயரை ஒட்ட வேண்டும். முன்கூட்டியே ஒட்டக் கூடாது.'

ஹெப்சி அதைப் படித்தாள். நன்றாகத்தான் இருந்தது. புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு உபயோகப்படும் என்று நினைத்துக்கொண்டாள்.

அடுத்த வாரம் சத்யபிரியா ஒரு ஸ்டூலை மூலையில் போட்டு, அட்டையில் ஒரு தாளைச் சொருகிக்கொண்டு உட்கார்ந்தாள். ஹெப்சி அன்று பிரமாதமாக வேலை செய்தாள். நரம்பே தெரியாத ஒரு பாட்டியிடம் ஒரே குத்தில் எடுத்தாள். ஊசி என்றால் ஊரைக் கூட்டுகிற ஒரு கான்ஸ்டபிளைச் சிரிக்க வைத்து அனுப்பினாள். கடைசி ஆள் போனதும், கையைத் துடைத்துக்கொண்டே, "எப்படி மேடம்?" என்றாள்.

"கை ரொம்ப நல்லா இருக்குக்கா," என்றாள் சத்யபிரியா. பிறகு தாளைத் திருப்பிக் காட்டினாள். டிக், டிக், டிக் என்று போய்க்கொண்டே இருந்தது. ஆரம்பத்தில் ஒரு பெருக்கல் குறி, கடைசிக்குப் பக்கத்தில் இன்னொன்று.

"யார்கிட்டயும் பேர் கேக்கல. ட்யூப்ல முன்னாடியே எழுதிட்டீங்க. இந்த ரெண்டும் தப்பாச்சுன்னா மத்தது எதையும் கணக்குல எடுக்க முடியாதுக்கா."

"எல்லாரையும் எனக்குத் தெரியுமே சத்யா!" 'மேடம்' பட்டென்று கழன்றுவிட்டது.

"தெரியும்ன்றத நான் எங்க டிக் போடறது?"

அவள் அதைக் கிண்டலாகச் சொல்லவில்லை, உண்மையிலேயே கேட்டாள். அதுதான் ஹெப்சிக்கு எரிச்சலாக இருந்தது.

டாக்டர் தினகரன் ஹெப்சியை அறைக்குள் கூப்பிட்டு, நாற்காலியைக் காட்டி, டீ வரவழைத்தார். டீ வந்ததும் விஷயம் பெரிது என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. "சோதனையில தேறாதவங்க அந்த வேலையச் செய்யக் கூடாதும்மா. ஆய்வுக்கு வந்தவங்களுக்கு எழுதிக் குடுத்துட்டேன். பயிற்சி எடுத்துக்கோ, இன்னொரு தடவ சத்யா சோதிப்பா. அதுலயும் ஆகலன்னா நீ கவுன்ட்டர்லதான் இருக்கணும். எனக்கு வேற வழியில்ல."

"கவுன்ட்டர்லயே வெச்சிருவீங்களா சார்? நிரந்தரமாவா?"

"சம்பளம் அதேதாம்மா."

சம்பளத்தைப் பற்றி யார் கேட்டார்கள்?

மறுநாளிலிருந்து, அதே டிப்ளமோ படித்த காந்திமதி உள்ளே, ஹெப்சி வெளியே. காந்திமதி எல்லாரிடமும் பெயர் கேட்டு முதல் தடவையே தேறிவிட்டாள். யாரையும் அவளுக்கு அவ்வளவாகத் தெரியாது என்பது இப்படி ஒரு நாள் கைகொடுக்கும் என்று அவளே நினைத்திருக்க மாட்டாள். உள்ளேயிருந்து "ஆ!" என்று சத்தம் வரும்போதெல்லாம், கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கும் ஹெப்சியின் விரல்கள் தானாக மடங்கும். விமானம் வரும்போது, 'இப்ப, இப்ப' என்று மனம் அடித்துக்கொள்ளும். காந்திமதி விமானம் போய் நிசப்தமான பிறகுதான் குத்துவாள். ஆளுக்கு ஒரு ராசி.

ஹெப்சிக்குப் பயிற்சி என்னவென்றால், கவுன்ட்டரில் வருகிற ஒவ்வொருவரிடமும் பெயரையும், அவர்தான் என்று உறுதிசெய்ய இன்னொரு விவரத்தையும் கேட்பது. அந்த இன்னொரு விவரத்துக்கு அப்பா பெயர் அல்லது கணவர் பெயர் என்று சத்யபிரியா எழுதியிருந்தாள். முதலில் வந்து மாட்டியவள் கிளியம்மாள். அனகாபுத்தூரில் ஆற்றோரச் சந்தில் இருப்பவள். ஹெப்சிக்கு வேலைக்கு வந்த நாள் முதலாகப் பழக்கம்.

"உங்க பேர் சொல்லுங்க," என்றாள் ஹெப்சி, சுவரைப் பார்த்துக்கொண்டு.

கிளியம்மாள் திரும்பிப் பின்னால் பார்த்தாள். யாரும் இல்லை. "இன்னாடி கேட்ட?"

"பேரு அக்கா. ரூல்ஸ்."

"போன தபா வந்தப்போ என் மருமவளப் பத்தி ஒரு மணி நேரம் பேசினு இருந்த. இப்போ பேரு தெரியலியா உனக்கு? ஏன்டி, நீ மொதல்ல பிபி பாத்தியா? அந்த டாக்டராண்ட காட்டு, எதனா நரம்பு கிரம்பு கோளாறா இருக்கப் போவுது."

"சொல்லுக்கா, ப்ளீஸ்."

"கிளியம்மா. எழுதிக்கோ. கி-ளி-ய-ம்-மா."

"வீட்டுக்காரர் பேரு?"

அவ்வளவுதான். கிளியம்மாள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். "அத நா சொல்லணுமா? எங்கூட்டுக்காரர் பேர நா என் வாயால சொன்னதே கெடையாது. ரேசன் கடையில கூட சொன்னதில்ல."

உள்ளேயிருந்து சத்யபிரியா எட்டிப் பார்த்தாள். "ஜாடையா சொன்னாலும் பரவாயில்லம்மா," என்று கொஞ்சம் விட்டுக்கொடுத்தாள்.

"குன்றத்தூர்ல மலை மேல கீறாரே, அவருதான்."

"முருகனா?" என்றாள் சத்யபிரியா, பேனாவை எடுத்துக்கொண்டு.

"அய்ய, அதில்ல. அவருதான், ஆனா அந்தப் பேரில்ல."

"சுப்பிரமணியா?"

"ம்ஹும்."

"வேலாயுதம்? கந்தசாமி? தண்டபாணி?" பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்களும் சேர்ந்துகொண்டார்கள். ஆறுமுகம் என்றார் ஒருவர். சண்முகம் என்றார் ஒருவர். கிளியம்மாள் ஒவ்வொன்றுக்கும் தலையை ஆட்டிக்கொண்டே, தன் வாழ்க்கையில் இவ்வளவு பேர் தன்னைக் கவனிப்பது இதுதான் முதல் தடவை என்பது போல உட்கார்ந்திருந்தாள். கடைசியில் கார்த்திகேயன் என்று ஒரு ஆட்டோக்காரர் சொன்னதும், வெட்கத்தோடு மூக்கைத் துடைத்துக்கொண்டாள். எல்லாரும் கைதட்டினார்கள்.

அன்று மாலையே சத்யபிரியா செய்முறையைத் திருத்தி ஒட்டினாள். கணவர் பெயர் போய், போன் நம்பரின் கடைசி நான்கு இலக்கம் வந்தது. "எழுதறது இந்த ஊர்ல நடக்கணும்ல," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அன்றைக்குத்தான் ஹெப்சிக்கு அவள்மேல் கோபம் கொஞ்சம் குறைந்தது. ஆனாலும் பெயர் கேட்கிற வரியை மட்டும் அவள் எடுக்கவில்லை.

வீட்டில் ஜெபகுமாரை உட்காரவைத்துப் பழகிப் பார்த்தாள் ஹெப்சி. "உங்க முழுப் பேர் சொல்லுங்க."

"கல்யாணப் பத்திரிகையில பாத்துக்கோ."

"விளையாடாதீங்க. எனக்கு நாற்காலியே போயிரும்."

ஜெபகுமார் அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து உட்கார்ந்து, விமான நிலையத்தில் பாஸ் காட்டுகிற மாதிரி, "ச. ஜெபகுமார். போன் நம்பர் வேணுமா?" என்று கையை நீட்டினார். "நாங்க தினமும் கேட்டுல அடையாள அட்டை காட்டறோம். அந்த சி.ஐ.எஸ்.எஃப்.காரன் என் கூடத்தான் டீ குடிப்பான். ஆனாலும் காட்டணும்."

"நீங்க பெட்டி தூக்கறவங்க. நான் மனுஷங்களப் பாக்கறவ."

"பெட்டி மாறினாலே எவ்ளோ பேஜாரு தெரியுமா?" என்றார் ஜெபகுமார். ஹெப்சி அவர் நரம்பைத் தட்டிப் பார்த்தாள்.

இரண்டாவது சோதனை ஒரு திங்கட்கிழமை காலை வந்தது. காந்திமதி கவுன்ட்டருக்குத் திரும்பினாள், சத்யபிரியா ஸ்டூலில். நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றபோது ஹெப்சிக்கு, சொந்த வீட்டுக்கு விருந்தாளியாக வந்த மாதிரி இருந்தது. முதலில் வந்த இரண்டு பேரும் புதியவர்கள். பெயர் கேட்டாள், நம்பர் கேட்டாள், கவுன்ட்டரில் அடித்துக் கொடுத்த ஸ்டிக்கரோடு ஒப்பிட்டாள், பட்டை கட்டினாள், எடுத்தாள், அவர்கள் முன்னாலேயே ஸ்டிக்கர் ஒட்டினாள். டிக் சத்தம் கேட்கவில்லை என்றாலும் கேட்கிற மாதிரி இருந்தது.

மூன்றாவதாகக் கீழே டிவிஎஸ் எக்ஸெல் வந்து நின்றது. அவளுக்குக் கை துறுதுறுத்தது. ட்யூப் பக்கம் போகாமல் கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

துரைராஜ் ஸ்டோர்ஸ்காரர், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு உள்ளே வந்தார். பம்மல் சந்தைப் பக்கம் மளிகைக்கடை. மூன்று மாதத்துக்கு ஒரு தரம் சர்க்கரை பார்க்க வருகிறவர். காந்திமதி போன் நம்பரைத் தட்டியதும் கம்ப்யூட்டரில் பழைய பதிவு வந்தது, ஸ்டிக்கர் அடித்து உள்ளே அனுப்பிவிட்டாள்.

"இன்னா ஹெப்சி, திரும்பி வன்ட்டியா? அந்தப் பொண்ணு போன வாரம் எங்க வூட்டம்மாவ குத்தி, கை கத்திரிக்கா மாரி ஆயிடுச்சு."

"உக்காருங்கண்ணா." கண்ணால் மூலையைக் காட்டினாள். "உங்க முழுப் பேர் சொல்லுங்க."

"தனக்கோடி."

"போன் நம்பர் கடைசி நாலு?"

சொன்னார். சரியாக இருந்தது. ஹெப்சி பட்டையைக் கட்டினாள், நரம்பைத் தொட்டாள், பஞ்சால் துடைத்தாள். ஈரம் காய்வதற்கும் விமானம் வருவதற்கும் சரியாக இருந்தது. அவர் அண்ணாந்து பார்த்தார். ஊசி தோலுக்கு அருகே போனது. நின்றது.

விமானம் போய்விட்டது. ஹெப்சி ஊசியை மூடி வைத்தாள்.

"அண்ணா, என்ன பேர் சொன்னீங்க?"

"தனக்கோடி."

"விளையாடாதீங்கண்ணா. எனக்குப் பரீட்சை நடக்குது."

"நா இன்னாத்துக்கு வெளயாடப் போறேன்? ராத்திரிலேர்ந்து பச்சத் தண்ணி பல்லுல படல. வெளயாட்டு ஒண்ணுதான் கொறச்சல்."

"அப்போ துரைராஜ்?"

"அது எங்கப்பா."

"அப்பாவா? அவரு எங்க?"

"அவரு போயி எத்தினி வருசமாச்சு! நாந்தான் கடையப் பாத்துகினு கீறேன். ஏன், இன்னா ஆச்சு?"

ஹெப்சி, துரைராஜ் என்று அடித்திருந்த ஸ்டிக்கரை அவரிடம் காட்டினாள். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். படித்துவிட்டு அவர் சிரித்த சிரிப்பில் காந்திமதி கவுன்ட்டரிலிருந்து எழுந்து வந்துவிட்டாள்.

"இத்தினி நாளா செத்துப் போன மனுசனுக்கா சுகர் பாத்துகினு கீற? அவுருக்கு சுகரே கெடையாதும்மா! கடைசி வரைக்கும் ஜாங்கிரி துன்னாரு!"

"நான் துரைராஜண்ணான்னு கூப்புடறப்பல்லாம் 'ஆங்'னு சொன்னீங்களே?"

"எல்லாருந்தான் அப்டி கூப்டறான். பால்காரன், கேஸ்காரன், லோடு எறக்கறவன், அல்லாருக்கும் நா துரைராஜ்தான். போர்டுல அதான போட்டுக்கீது? யாராண்டன்னு சண்டைக்கு நிக்கறது? நீ கூப்ட்டா திரும்பறேன், அவ்ளோதான்." கொஞ்சம் நிறுத்தி, "எங்கப்பா பேருதான. காதுல விழுந்தா நல்லாத்தான கீது," என்றார்.

"ரிப்போர்ட்டுல பேர் பாக்க மாட்டீங்களா?"

"அதுல நம்பரத்தான் பாப்பாங்க. பேரயா பாப்பாங்க?"

பட்டை இன்னும் அவர் கையில் இருந்தது. நரம்பு கட்டைவிரல் பருமனுக்குப் புடைத்துக்கொண்டு நின்றது. அவரே அவசரப்படுத்தினார். "எடு எடு, எடுத்துட்டு அப்பறம் பேர மாத்திக்கோ. பசி உயிரு போவுது, கடைய வேற தொறக்கணும்."

ஹெப்சிக்கும் கை போனது. எடுத்துவிட்டுப் பெயரை மாற்றிக்கொள்ள எவ்வளவு நேரம் ஆகும்? அப்போதுதான் ஸ்டாண்டைப் பார்த்தாள். வர முடியாதவர்களின் வீடுகளுக்குக் காலையில் காந்திமதி போய் எடுத்து வந்த ட்யூப்கள் அதில் இருந்தன. அவற்றில் ஒன்றில் துரைராஜ் என்று ஒட்டியிருந்தது. அனகாபுத்தூரில் இருக்கிற நெசவுக்காரர், சிறுநீரகக் கோளாறில் படுத்திருப்பவர். உயிரோடு இருக்கிற, நிஜமான துரைராஜ். அவருக்குப் பக்கத்துத் துளையில்தான் இவருடைய ட்யூபையும் அவள் குத்தி வைத்திருப்பாள்.

பட்டையை அவிழ்த்தாள்.

"கவுன்ட்டர்ல பேர மாத்தி, புது ஸ்டிக்கர் வாங்கிட்டு வாங்கண்ணா."

"இன்னாம்மா இது!"

"போங்கண்ணா. வர்றதுக்குள்ள காந்திய உங்களுக்கு பிஸ்கெட் வாங்கி வெக்கச் சொல்றேன். எடுத்ததும் சாப்டலாம்."

அவர் முணுமுணுத்துக்கொண்டே போனார். ஹெப்சி ஸ்டூல் பக்கம் திரும்பவில்லை. தேறவில்லை என்று அவளுக்கே தெரிந்தது. பெயர் சொன்னபோது காதில் வாங்காமல் பட்டையைக் கட்டியவள், சுவரில் எழுதியிருக்கிறதை எங்கே கடைப்பிடித்தாள்? இனி கவுன்ட்டர்தான். போன் நம்பரைத் தட்டி, ஸ்டிக்கர் அடித்து, உள்ளே போகிறவர்களின் கைகளை வேடிக்கை பார்த்துக்கொண்டு காலம் போய்விடும்.

தனக்கோடி திரும்பி வந்தார். மறுபடி முதலிலிருந்து. பெயர் என்ன? தனக்கோடி. ஸ்டிக்கரிலும் தனக்கோடி. நம்பர் சரி. அப்புறம்தான் பட்டை. விமானம் வரவில்லை, ஆனாலும் அவருக்கு வலிக்கவில்லை.

எல்லாரும் போன பிறகு சத்யபிரியா ஸ்டூலை நாற்காலிக்கு அருகே இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"பேர் கேட்டீங்க. பதில கவனிக்காமயே பட்டைய கட்டிட்டீங்க. அது தப்பு."

"தெரியும்."

"இது பாருங்க." தாளில் ஒரு வரியைக் காட்டினாள். 'பெயர் பொருந்தாவிட்டால் நிறுத்த வேண்டும். சரிசெய்த பின் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.' "இந்த வரிக்கு இதுவரைக்கும் யாருக்கும் டிக் போட முடியல. அப்படி ஒரு ஆள் வரவே இல்ல. காந்திமதி அக்காவுக்குக்கூட அது காலிதான். பொய்யா ஒரு ஆள செட் பண்ணிக் கேக்கலாமான்னு யோசிச்சிட்டு இருந்தேன்." எதற்காகவோ அவளுக்குச் சிரிப்பு வந்தது, வழக்கம்போலத் தாமதமாக. "செத்துப் போனவர் வருவார்னு நினைக்கல."

ஹெப்சியும் சிரித்துவிட்டாள். "அப்போ நான் தேறினேனா, தேறலயா?"

"இன்னைக்கு இல்லக்கா. நாளைக்கு இன்னும் கொஞ்சம் பேருக்கு எடுங்க. பதில் வந்த பிறகுதான் பட்டை. அது மட்டும் பாத்துட்டுக் கையெழுத்துப் போடறேன்."

மறுநாள் ஹெப்சி எடுத்தாள். ஒவ்வொருவரும் பெயர் சொல்லி முடிக்கும் வரை அவர்கள் கையைப் பார்க்காமல் வாயையே பார்த்தாள். வருகிறவர்களுக்கு அது விசித்திரமாக இருந்திருக்கும். ஒரு பெரியவர், "எதுக்கும்மா மொறைக்கற?" என்றுகூடக் கேட்டார். கடைசியில் சத்யபிரியா கையெழுத்துப் போட்டாள். டாக்டர் தினகரனும் போட்டார். தேதியை மட்டும் தன் கையால் எழுதச் சொன்னார்கள். ஹெப்சி எழுதினாள். அன்று மாலை வரை சத்யபிரியா, துரைராஜ் விவகாரத்தைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதிக்கொண்டிருந்தாள். எது தப்பாகப் போனது, எப்படிக் கண்டுபிடித்தோம், பழைய ரிப்போர்ட்களை எப்படித் திருத்துவது, போன் நம்பர் பழைய பெயரைக் கொண்டுவந்தாலும் கவுன்ட்டரில் மறுபடி ஏன் கேட்க வேண்டும் என்றெல்லாம். அவள் அவ்வளவு உற்சாகமாக இருந்து யாரும் பார்த்ததில்லை.

அன்றைக்குத்தான் தனக்கோடி ரிப்போர்ட் வாங்க வந்தார். வழக்கமாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போகிறவர், நின்று மேலிருந்து கீழே வரை படித்தார். பெயரை இரண்டு தடவை படித்தார். பிறகு நேராக உள்ளே வந்தார்.

"ஹெப்சி, சுகர் ஏறிக்கீதே?"

"காட்டுங்க. ஆமாண்ணா, கொஞ்சம் ஜாஸ்திதான். டாக்டரப் பாருங்க."

"எங்கப்பா பேர்ல இருந்தப்போ இவ்ளோ இல்லியே."

"அதுவும் உங்க சுகர்தாண்ணா. பேரு மட்டும்தான் அவரோடது."

"அப்போ இதையும் அவுரு பேர்லயே போட்டுக் குடேன். எறங்குதா பாப்போம்."

"அது மட்டும் முடியாது. நான் இப்பத்தான் கையெழுத்து வாங்கியிருக்கேன்."

தனக்கோடி ரிப்போர்ட்டை மடித்துக்கொண்டு வாசல் வரை போனார். என்னவோ தோன்றித் திரும்பினார்.

"ஆமா, உம் பேரு ஹெப்சிதானா?"

ஹெப்சி ஒரு கணம் தயங்கினாள். "ஹெப்சிபா ரோஸ்லின்."

"அடப்பாவி! இத்தினி வருசமா நீயும் ஒரு வார்த்த சொல்லலியே!" அவர் தலையில் அடித்துக்கொண்டு சிரித்தபடி படியிறங்கினார். பாதிப் படியில் நின்று யாரிடமோ அதைச் சொல்லிக்கொண்டிருப்பது மேலே வரை கேட்டது.

நாற்காலியில் அடுத்தவர் வந்து உட்கார்ந்து, சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டிருந்தார். நல்ல நரம்பு. ஹெப்சி பட்டையைக் கையில் எடுத்தாள், பிறகு அதை மேசைமேல் வைத்துவிட்டு அவர் முகத்தைப் பார்த்தாள்.

"சொல்லுங்க," என்றாள்.